அடி வண்டல்

கல்யாணக் கார் ஓட்டிய மாமாவை எந்நேரத்தில் பார்த்து, "இன்னைக்கு எத்தனை காபி மாமா?" என்று கேட்டாலும், "ரெண்டுதான் பாப்பா" என்பார். அது அவராக விரும்பிக் குடித்த கணக்கு. மற்றபடி கோட்டையூரில் எந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினாலும் ஒரு டம்ளர் வரும், அவரும் வாங்கிக்கொள்வார். ஒரு முகூர்த்த நாளில் மதியத்துக்குள் பதினோரு காபி உள்ளே போனதைப் பக்கத்திலிருந்தே எண்ணினேன். பன்னிரண்டாவது டம்ளர் நீண்டபோது அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "சரிங்க" என்று வாங்கினார். குடித்தும் விட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு கறுப்பு அம்பாசிடர், மார்க் டூ, வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு ஓட்டினார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார்தான் வேண்டும் என்று கேட்கிற வீடுகள் காரைக்குடிப் பக்கம் நிறைய. வெள்ளைத் துணி விரித்த பின்சீட்டு, பானட்டில் மல்லிகைச் சரம், முன்னால் நாதஸ்வரம். அந்தக் கார் ஓடினால் அவர் வீட்டில் உலை கொதிக்கும். வேறு பிழைப்பு கிடையாது.

"வேண்டாம்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவியும் கேட்டதில்லை. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு வாய் நீளம்.

"இவுக ஆத்தா எல்லாப் பேச்சும் சொல்லிக்குடுத்துச்சு. 'வேணாம்'ங்கிறத மட்டும் நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னு விட்டுருச்சு. அதுக்குள்ள எனக்குக் கட்டி வச்சுட்டாக."

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு, அப்பா பள்ளி ஆசிரியர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவர் வந்திருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலை. அம்மா அதைக் கவனிக்காமல் முட்டை போட்ட கேக்கை நீட்டிவிட்டார். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டார். விரதத்தில் தின்னவும் முடியாது, திருப்பித் தரவும் அவரால் ஆகாது. உள்ளங்கையில் வைத்தபடி அப்பாவோடு அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். கேக் பிசுபிசுத்தது, உதிர்ந்தது, எறும்பு ஏறியது.

"மாமா, எறும்பு" என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா. அதுகளும் திங்கட்டும்."

அவர் போனபிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த நாட்களில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் சிரித்தோம்.

அவர் டிரைவரானதே ஒரு "சரிங்க"வில்தான். ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பா கதவு நிலைகளில் பூ செதுக்கியவர், இவரும் உளி பிடித்தவர்தான். ஒரு பெரிய வீட்டுக்குச் சன்னல் சட்டம் மாட்டப் போன நேரத்தில் அங்கே டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டாராம். அந்த வீட்டு ஆச்சி இவரைப் பார்த்து, "நீ ஓட்டக் கத்துக்கிறியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "சரிங்க ஆச்சி." இருபது வருடம் ஓட்டினார். அந்தக் குடும்பம் சென்னைக்கே போய்விட முடிவு செய்தபோது, "இந்தக் காரை நீயே வச்சுக்கப்பா" என்றார் ஆச்சி. இவர் வீட்டில் சைக்கிளை நிறுத்தவே இடம் கிடையாது. "சரிங்க ஆச்சி." காருக்காகக் கொல்லையில் இருந்த முருங்கையை வெட்ட வேண்டியிருந்தது.

"அந்த வீட்டுல யானை நின்னிருந்தா அதையும் பிடிச்சுக்கிட்டு வந்திருப்பாக" என்பார் அத்தை.

ஆனால் வந்ததைக் கண் போலப் பார்த்துக்கொண்டார். அதற்கு நான் சாட்சி.

நான் அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எதையும் பாதி படித்ததுமே மீதி தெரிந்துவிட்டதாகத் தோன்றும் வயது. வெளிநாட்டுக்காரர்கள் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கை பரபரத்துக் கிடந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு மார்க் டூ நிற்கும்போது சும்மா இருக்க முடியுமா? ஒரு காலையில் அவர் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் கை வைத்தார். நான் போய் நின்று ஆரம்பித்துவிட்டேன்.

"மாமா, ஓடி வந்த உடனே பாக்கக் கூடாது. ஆயில் கீழ இறங்கப் பத்து நிமிஷமாவது விடணும்."

"அப்படிங்களா பாப்பா?"

"வண்டி மட்டமான தரையில நிக்கணும். சாஞ்சு நின்னா அளவு தப்பாக் காட்டும்."

"அடடே."

"மொத தடவை உருவுறத நம்பக் கூடாது. துடைச்சிட்டு, முழுசா உள்ள விட்டு, திரும்ப எடுத்துப் பாக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல, மேல் கோட்டை ஒட்டி நிக்கணும். கோட்டைத் தாண்டி ஊத்துறதும் கெடுதல்."

"தெரியாமப் போச்சே" என்று தலையை ஆட்டினார். நான் சொன்ன வரிசையிலேயே துடைத்து, விட்டு, உருவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இப்பச் சரியா பாப்பா?"

ஒரு மாதம் கழித்து அத்தைதான் போட்டுடைத்தார். "அவுக முப்பது வருசமா அப்படித்தான்டி பாக்குறாக. வண்டி நிக்கிற எடத்துல பட்டியக்கல்லு போட்டு, ரசமட்டம் வச்சு மட்டம் பண்ணுனதே அதுக்குத்தானே."

"அப்ப ஏன் தெரியாதுன்னு சொன்னாக?"

"நீ அம்புட்டு ஆசையாச் சொன்னியாம்."

அன்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அவர் பழகித் தெரிந்துகொண்டதும் ஒன்றாக இருக்கிறதே என்ற பெருமை.

அடுத்து என் கண் ஆயில் மேலேயே போனது. அவர் ஊற்றியது நாற்பதாம் நம்பர் ஆயில். பாகு மாதிரிக் கெட்டியாக இருக்கும். காரைக்குடியில் ஒரே கடையில், அந்த ஆச்சி வீட்டுக் காலத்திலிருந்து வாங்குவது. நான் படித்த இடத்தில் எல்லாம் அதைப் பழங்காலத்துச் சரக்கு என்றார்கள். இப்போது வரும் ஆயில் லேசானது. எஞ்சினுக்குள் படிந்திருக்கும் அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்தது.

"மாத்திருவோமா மாமா?"

"பாப்போம் பாப்பா."

பத்து நாள் கழித்துக் கேட்டேன். "அமாவாசை கழியட்டும் பாப்பா." அமாவாசை கழிந்து கேட்டேன். "ஆடி போயிரட்டுமே." ஆடி போனதும் ஆவணியில் கல்யாணங்கள் வந்தன. "இந்த முகூர்த்தம் முடியட்டும்."

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஜவுளிக்கடையில் அம்மா, "இருங்க, ஒரு சுத்துச் சுத்திட்டு வாரோம்" என்றால் திரும்ப வரமாட்டோம் என்று கடைக்காரருக்கே தெரியும். அவர் உடனே சேலைகளை மடிக்க ஆரம்பிப்பார். என் அக்காவைப் பெண் கேட்டு வந்த இடத்துக்கு அப்பா, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றார். அவர்கள் அடுத்த வாரமே வேறு பெண் பார்த்தார்கள். இங்கே யாரும் யார் முகத்துக்கு நேராகவும் மறுப்பதில்லை. நாள் தள்ளுவார்கள், எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். எல்லோரிடமும் புரிந்துகொண்ட நான் அவரிடம் மட்டும் புரிந்துகொள்ளவில்லை. ஆறு மாதம் அவர் என்னிடம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நானோ ஒவ்வொரு தவணையும் முடிகிற தேதியைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானே மதுரைக்குப் போய் ஆயில் கேன், வடிகட்டி, ஆயிலை வடிக்கும் நட்டுக்கு அடியில் போடும் செம்பு வாஷர், உள்ளே கழுவும் திரவம் எல்லாம் வாங்கிவந்து அவர் வீட்டு வாசலில் வைத்தேன்.

"என் பரிசு மாமா."

கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இம்புட்டையும் பஸ்ஸுல தூக்கிட்டு வந்தீகளா?" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சரிங்க பாப்பா."

ஞாயிறு காலை, நான் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். எஞ்சின் சூடாக இருந்தால்தான் பழைய ஆயில் முழுதாக வடியும் என்று ஒரு சுற்றுப் போய்வந்து பட்டியக்கல்லில் நிறுத்தினார். வடிப்பதற்கு முன்னால் கழுவும் திரவத்தைப் பழைய ஆயிலோடு ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது என் திட்டம். டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

"அடியில வண்டல் கெடக்கும்ல பாப்பா?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

"அதைக் கரைக்கத்தான் மாமா இது."

"கரைஞ்சா அம்புட்டும் வெளிய வந்துருமா?"

"வந்துரும் மாமா."

கையிலிருந்த துணியை மடித்தார். திரும்பப் பிரித்தார். "ஒருக்கா அடித் தொட்டியக் கழத்திப் பாத்துட்டு..." என்று இழுத்தார். அவர் வாழ்க்கையில் மறுப்புக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். அதற்குள் நான் மூடியைத் திருகி ஊற்ற ஆரம்பித்திருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மற்றதெல்லாம் சுத்தமாகச் செய்தோம். நட்டைக் கழற்றியதும் சுடச்சுடக் கறுப்பாகக் கொட்டியது. கடைசிச் சொட்டு நிற்கும்வரை காத்திருந்தோம். புது வாஷர், புது வடிகட்டி, அதன் ரப்பர் வளையம், எல்லாம் முறைப்படி. தேன் நிறத்தில் புது ஆயில். கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, காத்திருந்து, கம்பியைத் துடைத்து இரண்டாம் முறை பார்த்தேன். மேல் கோட்டை ஒட்டி நின்றது. எஞ்சின் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. நான் கைதட்டினேன்.

"நல்லா இருக்கு பாப்பா" என்றார்.

"பெறகு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீக?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை கம்பியை உருவினார். ஒரு வாரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கறுத்துப்போச்சு பாப்பா."

"அழுக்கைப் பிடிக்குதுன்னு அர்த்தம் மாமா. நல்லதுதான்."

"சரிங்க பாப்பா."

மூன்றாவது வாரம் அந்தக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டையூர், பெண் வீடு கானாடுகாத்தான். நல்ல நேரம் முடிவதற்குள் மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்சீட்டில் தலைப்பாகையோடு மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும். வீடியோ எடுக்கிறேன் என்று நான் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

பள்ளத்தூர் தாண்டியதும் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஆயில் மேலே ஏறவில்லை என்று சொல்கிற விளக்கு. ஒரு முறை அணைந்தது. அடுத்து எரிந்தது, அணையவே இல்லை.

"மாமா, நிப்பாட்டுங்க. ஆயில் லைட்டு."

"சரிங்க பாப்பா." காலைத் தளர்த்தினார்.

"என்னப்பா மெதுவாப் போற?" என்றார் பெரியப்பா பின்னாலிருந்து. "நல்ல நேரம் இன்னும் இருவது நிமிசந்தான். வெரசாப் போ."

"சரிங்கய்யா." அழுத்தினார்.

"மாமா, எஞ்சின் போயிரும்!"

"சரிங்க பாப்பா."

"எங்குட்டும் நிப்பாட்டக் கூடாது, சொல்லிப்புட்டேன். மாப்பிள்ளைய நடுரோட்டுலயா இறக்குவாக?"

"சரிங்கய்யா."

காலுக்குக் கீழே யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் தொடங்கியது. அவருக்கும் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியும் துடைக்கவில்லை. என்னிடம் சரி, பெரியப்பாவிடம் சரி. கால் மட்டும் கடைசியாகப் பேசியவர் பக்கம் இருந்தது. நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பியிருக்கலாம். கத்தினேன், அவ்வளவுதான்.

கானாடுகாத்தானின் முதல் பெரிய வீட்டு மதில் தெரிந்தபோது ஒரு வெடிப்பு. கார் குலுங்கி அப்படியே பூட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மூக்கில் வந்து இறங்கியது. பானட்டிலிருந்து புகை. நாதஸ்வரக்காரர்கள் தொலைவில் காத்து நின்றார்கள். மாப்பிள்ளை மாலையோடு தார் ரோட்டில் நடந்துபோனார்.

பெரியப்பா இறங்கும்போது, "மங்கலத்துக்கு வர்ற வண்டியாய்யா இது?" என்றார். எதிரே வந்த பெண்களில் ஒருவர், "வாசப்படி மிதிக்கும் முன்னமே இப்படியா?" என்றார். இரண்டு வாக்கியம் போதும். எங்கள் பக்கம் கல்யாண வீடுகள் ஒன்றை ஒன்று விசாரிக்காமல் எதையும் செய்வதில்லை. அதன்பின் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

காரைக்குடிப் பட்டறையில் எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியைக் கழற்றியபோது நானும் இருந்தேன். ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடை தெரியவே இல்லை. கறுப்பு மாவு அப்பியிருந்தது. வருடக்கணக்கில் அடியில் அசையாமல் படுத்துக் கிடந்த வண்டலை என் ஆயில் கரைத்து, கட்டிகட்டியாகத் தூக்கி, அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது. தொட்டியில் ஆயில் நிறைய இருந்தது. கம்பியில் பார்த்தால் இப்போதும் சரியான அளவே காட்டும். எஞ்சினுக்குத்தான் ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. பேரிங் எல்லாம் தோல் உரிந்து கிடந்தன. முதலில் தொட்டியைக் கழற்றிக் கையால் வழித்தெடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மதுரைக்கு அனுப்பி, எஞ்சினைக் கடைசல் பிடித்து, ஓட வைக்கலாம் என்றார் மெக்கானிக். அவர் தலையாட்டினார். யாருக்காக ஓட வைப்பது என்பதை மெக்கானிக்கும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"என்னாலதான் மாமா" என்றேன் திரும்பி வரும் பஸ்ஸில்.

"அப்படியெல்லாம் இல்ல பாப்பா. பழைய எஞ்சினு. அதுக்கு வயசாச்சு."

"உங்களுக்குத் தெரியும்ல? கரைஞ்சா சல்லடைய அடைக்கும்னு தெரியும்ல?"

"நீங்க படிச்சவுக பாப்பா" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னார்.

அத்தை அதிகம் பேசவில்லை. அவ்வளவு பேசுகிறவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அவுகளுக்குத்தான் சொல்லத் தெரியாது. ஒனக்குக் காதுமாடி கேக்கல?"

அடுத்த வருடம் கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறியிருந்த ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. முகப்பில் அழகுக்கு நிறுத்தக் கார் வேண்டும் என்றார்கள். "சரிங்க." ஆயில் ஒழுகித் தரையின் பூக்கல்லில் கறை படியும், எஞ்சினை எடுத்துவிடலாமா என்றார்கள். "சரிங்க." காரோடு நிற்க ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும், நீங்களே வந்துவிடுங்கள் என்றார்கள்.

நான் படிப்பை முடித்து ஓசூருக்கு வந்துவிட்டேன். எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை, எனக்குக் கீழே நான்கு பேர். நான் எதைச் சொன்னாலும் "ஓகே மேடம்" என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறேன், நிஜமாகவே சரியா, வேறு எதுவும் தோன்றுகிறதா என்று. இந்த மேடத்துக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை என்று பேசிக்கொள்கிறார்களாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஓட்டலுக்குப் போனேன். சிவப்புத் தலைப்பாகை, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர். ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "ஓட்டற மாதிரி பண்ணுங்க" என்றார் ஒருவர். பண்ணினார். "கொஞ்சம் சிரிங்க." சிரித்தார். ஹாரனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார், சத்தம் வரவில்லை. அதற்கும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர்கள் போனதும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "எப்ப வந்தீக பாப்பா?" என்று முகம் மலர்ந்தது. அத்தைக்கு முட்டி வலி என்றார். இங்கே சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள் என்றார். நான் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மாமா, எனக்காக ஒண்ணு செய்வீகளா?"

"சொல்லுங்க பாப்பா."

"என்னை ஒரு தடவை திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

"சரிங்க பாப்பா" என்றார்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடிக்கு வெளியே வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைப் பார்த்தார். வாய் ஒருமுறை திறந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் முயற்சி செய்தார், அது சத்தியம். நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது.

"வெயில்ல வந்திருக்கீக" என்றார் கடைசியில். "உள்ள சொல்லி மோர் வாங்கியாரவா?"

"வேண்டாம் மாமா" என்றேன். எனக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது.